மினி பஸ் வராத ஞாயிற்றுக்கிழமை

ஆள் நடமாட்டமே இல்லாத சாலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலகத்தில் வேறு எங்காவது இருக்கலாம், அரியலூர் மாவட்டத்தில் கிடையாது. எங்கள் பக்கம் ஒரு சாலை காலியாகத் தெரிகிறது என்றால், நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் ஏதோ ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். அந்த ஆள் யார் என்பதில்தான் ஒருவனுடைய நல்ல நேரமும் கெட்ட நேரமும் இருக்கிறது. எனக்கு வாய்த்தவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு புளியமரத்தடியில் இருந்தார்.

அப்போது எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் வீட்டில் எதற்கும் கடைசித் தீர்ப்பு என்னுடையது. காய்ச்சலுக்கு எந்த மாத்திரை, போர் போட எந்த இடம், டிவியில் சண்டை போடுகிற இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் சொல்வேன். (தெரியாது என்று சொல்ல எந்தக் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை.) அறிவழகன் என்று பெயர் வேறு வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஆபீஸில் ஒரு சைக்கிள் குழு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிவிட்டு, பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு, உடம்பு இளைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டு வீடு திரும்பும் குழு. மேலதிகாரி அதில் இருந்ததால் நானும் சேர்ந்தேன். முதுகில் அவரவர் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்த பனியன் ஒன்று கொடுத்தார்கள். உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த இறுக்கமான அரைக்கால் சட்டை, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரை இழுத்துக்கொள்ளும் கழுத்துத் துணி எல்லாம் நானே வாங்கினேன். கியர் வைத்த சைக்கிள் ஒன்றும் வாங்கினேன். அதன் விலையை இன்றுவரை அப்பாவிடம் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லப் போவதில்லை.

அந்தப் பங்குனியில் ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு, சைக்கிளை பஸ் டிக்கியில் படுக்க வைத்து ஊருக்கு வந்தேன். எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டுக்கு நடுவில். அப்பா முந்திரிக்கொட்டை வியாபாரம். கொல்லை கொல்லையாகப் போய்க் கொட்டை வாங்கி, மூட்டையைச் சைக்கிளில் கட்டி, கமிஷன் மண்டி வரை மிதித்து என்னைப் படிக்க வைத்தவர். அவர் என் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாடு பிடிக்க வந்தவர் பல்லைப் பார்ப்பது மாதிரி பெடலைத் திருப்பிப் பார்த்தார். கேரியர் இல்லை. ஸ்டாண்டு இல்லை. மட்கார்டு இல்லை. செயின் கவர் இல்லை.

"மீதியெல்லாம் எப்ப வரும்?" என்றார்.

இவ்வளவுதான் என்றேன்.

"நீ மிதிக்கக் கூடாதுன்னுதான்டா நான் மிதிச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சைக்கிள் ஓட்டினால் இதயத்துக்கு நல்லது என்று அவருக்குப் பின்னாலேயே போய் விளக்கினேன். (ஆயுசு பூராவும் சைக்கிள் மிதித்தவரிடம். ஆமா, அப்படித்தான் இருந்தேன் அப்ப.)

நான் ஊருக்கு வந்த காரணம் பெண் பார்க்கும் விஷயம். அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து கலைந்திருந்தது. முதலாவது பெரம்பலூர்ப் பக்கம். விசாரிக்க வந்த ஆள் பட்டப்பகலில் நான் லுங்கியோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பையன் வேலைக்குப் போவதில்லை, வீட்டோடு படம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது சம்பந்தத்தில் வீடு பார்க்கவே வந்துவிட்டார்கள். பெண்ணின் மாமா, வேலையெல்லாம் எப்படிப் போகிறது தம்பி என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டார். நான் வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே மனிதன் காக்க வேண்டிய சமநிலை பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால், மனசுக்குப் பிடித்தால் மட்டும்தான் சாப்பிட உட்காருவார்கள். அதற்கு முன் தண்ணீர் குடிக்கலாம், கலர் குடிக்கலாம், வெற்றிலைகூடப் போடலாம். கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டில் அதே சட்டம்தான். அந்தச் சமநிலைப் பேச்சுக்குப் பிறகு, பந்திக்குச் சமைத்து வைத்த சாம்பாரை நாங்கள் மூன்று பேரும் நாள் கணக்கில் சாப்பிட்டோம். அம்மா ஒவ்வொரு வேளையும் அதைச் சுட வைக்கும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

மூன்றாவதாக வந்ததுதான் இளவரசி. தா.பழூருக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர். (பெயர் சொல்ல மாட்டேன், என் மாமனார் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.) எம்.எஸ்ஸி. கணக்கு, தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை. ஜாதகம் பொருந்திவிட்டது. புதன்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா என்னை உட்கார வைத்துச் சொன்னார். இதுவும் போனால் அக்கம்பக்கத்து ஊரில் எவனும் பெண் தர மாட்டான், பையனிடம் ஏதோ குறை இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்றார். "பொதன்கெழம வரைக்கும் வூட்டோட கெட. அந்தப் பக்கம் தல வச்சுகூடப் படுக்காத." வீடு பார்க்கும் முன்பே மாப்பிள்ளை பெண்ணின் ஊரில் சுற்றினால், பொண்ணைப் பார்க்க அலைகிறான் என்று பெயராகி, சம்பந்தம் அன்றைக்கே முறிந்துவிடும். எனக்கும் அது தெரியும். சரி என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போனில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் சைக்கிள் பயணம் ஒன்றைத் திட்டமிட்டேன். கங்கைகொண்ட சோழபுரம் போவது, பெரிய ரோட்டை விட்டு விலகி, வரைபடத்தில் முடி மாதிரி மெல்லிசாகத் தெரிகிற கிராமத்துச் சாலைகள் வழியாக வீடு திரும்புவது. அந்த முடிகளில் ஒன்று இளவரசியின் ஊருக்குள் புகுந்து வெளியே வந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சாலை போட்டது நானா?

ஹெல்மெட்டும் கண்ணாடியும் கழுத்துத் துணியும் போட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று கணக்குப் போட்டேன். ஊருக்குள் நிற்கக் கூடாது, அம்பு மாதிரி கடந்துவிட வேண்டும். பள்ளிக்கூட டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றால் ஒரு பார்வை, நிற்காவிட்டால் அவள் நடக்கிற மண்ணையாவது பார்க்கலாம். இவ்வளவுதான் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை கருக்கலில் கிளம்பினேன். எங்கே என்று கேட்ட அப்பாவிடம் கோயிலுக்கு என்றேன். சம்பந்தம் கூடி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் போகிறேன் போலிருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். அம்மாதான் என் அரைக்கால் சட்டையையும் அதற்குப் பின்னால் இருந்த மெத்தையையும் பார்த்துவிட்டு, "கோயிலுக்கா? இதோடயா?" என்று கேட்டார். அந்தச் சட்டையை அவர் கொடியில் காயப்போட மாட்டார். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கக்கூஸுக்குப் பின்னால் வேலியில்தான் போடுவார்.

பயணத்தின் முதல் பாதியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முந்திரிப் பழம் பழுத்துக் கீழே விழுந்து புளித்த வாசனை காடு முழுக்க இருந்தது. மயில் குறுக்கே ஓடியது. ஒரு டவுன் பஸ் மட்டும் கடந்து போனது, அதிலிருந்த எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து என் சட்டையைப் பார்த்தார்கள். வழியில் ஒருவர், வண்டி ரிப்பேரா, பஸ்ஸுக்குக் காசு இல்லையா என்று அக்கறையாக விசாரித்தார். டி.வி.எஸ். எக்செல்லில் வந்த இன்னொருவர் பக்கத்தில் மெதுவாக வந்து, தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஜெயங்கொண்டம் வரை இழுத்துக்கொண்டு போய் விடுவாராம். உடற்பயிற்சிக்காக ஓட்டுகிறேன் என்று சொன்னேன். "ஓ" என்று சொல்லிவிட்டு, பாவம் என்ற முகத்தோடு போய்விட்டார்.

சோழபுரத்தில் கோபுரத்துக்கு எதிரில் சைக்கிளை நிறுத்தி, பல கோணங்களில் போட்டோ எடுத்து ஆபீஸ் குழுவுக்கு அனுப்பினேன். உள்ளே போகப் பார்த்தேன். அங்கே இருந்த பெண்மணி ஒருவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்த பார்வையில், வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பிறகு அந்த மெல்லிசுச் சாலைக்குள் இறங்கினேன். இரண்டு பக்கமும் நெல் அறுத்த வயலில் உளுந்து பிடுங்கியிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. ஒரு வண்டி இல்லை, ஒரு ஹாரன் இல்லை. எனக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. கைப்பிடியில் மாட்டியிருந்த போனில் வீடியோவைப் போட்டு, கழுத்துத் துணியை இறக்கிவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தேன்.

"நண்பர்களே, இந்த அமைதியைக் கேளுங்கள். ஒரே ஒரு வாகனம்கூட இல்லாத சாலை. நகரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாக்கியம்..."

பாக்கியம் என்ற இடத்தில் வளைவு வந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் சாலையே இல்லை. தார் தெரியாதபடி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்த உளுத்தஞ்செடி. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். செடியைச் சாலையில் பரப்பிவிட்டால் போகிற வருகிற பஸ்ஸும் டிராக்டரும் ஏறி ஏறிக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். இந்தப் பக்கமே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் அதுவரை அதன் மேல் பஸ்ஸுக்குள் உட்கார்ந்துதான் போயிருக்கிறேன். முன்சக்கரம் உள்ளே புகுந்தது. பின்சக்கரத்துப் பல்லில் செடி கயிறு மாதிரி சுற்றிக்கொண்டது. சைக்கிள் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

விழுந்தது மெத்தென்றுதான் இருந்தது. வாய்க்குள் இரண்டு காய். புளியமரத்தடியிலிருந்து ஒரு குரல் கேட்டது: "அப்பாடா, வண்டி வந்துருச்சு." தலையில் துண்டு கட்டியவர் எழுந்து ஓடி வந்தார். கிட்டத்தில் வந்து பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. "த்சு. சைக்கிளு."

எனக்கு அடிபட்டிருக்கிறதா என்று பிறகுதான் கேட்டார். இரண்டு நாளாக மினி பஸ் ரிப்பேராம். டிராக்டர் வேறு ஒருவர் வயலில் மாட்டிக்கொண்டதாம். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது, காய் நனைந்தால் ஒரு வருஷத்து உளுந்தும் முளைத்துப் போகும், காலையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். "பாழாப்போன ரோட்டுல நாயிகூட வரல தம்பி." அந்த அமைதியைத்தான் நான் கொஞ்ச நேரத்துக்கு முன் உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எந்த ஊர் என்றார். கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு சென்னை என்றேன். பெயர் கேட்டார். எங்கிருந்தோ வந்து ராகுல் என்று விழுந்தது. நிழலுக்கு வந்தும் கண்ணாடியைக் கழற்றவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ் கண்ணா?"

இப்படி ஒரு சாக்கை அவரே எடுத்துக் கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்றேன். ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பல்சக்கரத்தில் சுற்றிய செடியை உருவிவிட்டு, கிளம்புகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டார்.

"அடியே எளவரசி, அந்தக் கவைய எடுத்தாடி."

ஒரு ஊரில் எத்தனையோ இளவரசி இருக்கலாம். எங்கள் பக்கம் நிறையப் பேர் வைக்கிற பெயர்தான். அப்படி நான் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே, கையில் செடி புரட்டுகிற கவைக் கம்போடு போட்டோ நடந்து வந்தது. அதே முகம். நைட்டிக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துணி, புருவத்தில் உளுத்தந்தூசு. அப்படியென்றால் துண்டுக்காரர் யார் என்று நான் தனியாகக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

கிளம்பி ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவர் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். வந்தது வந்துவிட்டீர்கள், டயரும் மெல்லிசாக இருக்கிறது, காயை நன்றாக உடைக்கும், இப்படியும் அப்படியும் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் போனால் புண்ணியமாகப் போகும் என்றார். அந்தச் சாலையில் போகிற எவரும் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை. மறுத்தால் ஏன் என்பார்கள், ஏன் என்றால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் ராகுல் கிழிந்துவிடுவான். ஏறி மிதித்தேன்.

மேலும் கீழுமாக இரண்டு நடை போய் வந்ததும் அவர் குனிந்து செடியைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. "ஆளு வெயிட்டு பத்தல" என்றார். கேரியரில் கல் மூட்டை கட்டலாம் என்று சைக்கிளின் பின்னால் வந்து தேடினார். கேரியர் இல்லாத சைக்கிள் ஒன்றை அவர் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தார். என் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

இளவரசிதான் வழி சொன்னாள். "பை வச்சிருக்காரேப்பா. அதுல கல்லப் போட்டா ஆச்சு." குரலில் அப்படியே கணக்கு டீச்சர்.

முதுகுப் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று தண்ணீர் குடித்தேன். பையிலிருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தையும் பஞ்சர் சாமானையும் வெளியே வைத்துவிட்டு, சாலையோரத்துக் கருங்கல்லை அவள் ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். பையை மாட்டிக்கொண்டபோது முழங்கால் மடங்கியது. போதுமா என்று கேட்கக்கூட இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சைக்கிள் பயணம் என்று சொல்ல முடியாது. பங்குனி வெயிலில், மெத்தை வைத்த அரைக்கால் சட்டையோடு, முதுகில் கல்லைச் சுமந்துகொண்டு, நான் பார்க்கக் கூடாத பெண்ணின் கண் முன்னால் செக்குமாடு மாதிரி போய்ப் போய் வந்தேன். பல்சக்கரத்தில் செடி சுற்றும். இறங்குவேன், அவள் அரிவாளை நீட்டுவாள், அறுத்துவிட்டு ஏறுவேன். அவளும் அவள் அம்மாவும் பின்னாலேயே வந்து செடியைப் புரட்டிப் போடுவார்கள். "ராகுல், ஓரத்துல மசியல பாருங்க." "ராகுல், நடுவுலயே போவாதீங்க." நான் ஓரத்துக்குப் போவேன். கஷ்டத்தோடு கஷ்டமாக, அவள் என் பெயரைச் சொல்கிறாளே என்று ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. என் பெயர் அது இல்லை என்பது கொஞ்சம் லேட்டாகத்தான் உறைக்கும்.

பொழுது உச்சியைத் தாண்டியபோது காற்று மாறியது. ஒரு துளி விழுந்தது. எல்லோரும் பதறிவிட்டோம். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். சக்கையை உதறி ஒதுக்கி, உளுந்தைத் தூசியும் தும்புமாக அப்படியே கூட்டி அள்ளி, தார்ப்பாயில் போட்டு நான்கு மூலையையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு சாலையோரத்திலேயே இருந்த அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்குள் இறக்கவும் மழை ஊற்றவும் சரியாக இருந்தது. உளுந்து தப்பிவிட்டது. அவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து என் முகத்தைத் துடைக்க வந்தார். மெட்ராஸ் கண் நினைவுக்கு வந்து துண்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

வேலை செய்தவனைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் அந்த ஊரிலும் இல்லை. இலை போட்டுவிட்டார்கள். நான் பெண்ணின் வீட்டுக்குள் நிற்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது. இங்கே கை நனைக்கக் கூடாது. விரதம் என்றேன். அந்த அம்மாள், ஞாயிற்றுக்கிழமை என்ன விரதம், உட்காருங்க என்று கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டார். வாசனை மூக்கில் ஏறியது. கழுத்துத் துணியை இறக்கிவிட்டு, கண்ணாடியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் கவளம் உள்ளே போனபோது அப்பாவின் முகம் கண்ணெதிரே தெரிந்தது. மூன்றாவது முறை சோறு வாங்கும்போது தெரியவில்லை.

வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. சைக்கிளைக் கழுவ உடம்பில் தெம்பில்லை. யார் கண்ணிலும் படாதபடி வைக்கோல் போருக்குப் பின்னால் சாய்த்து, படுதாவைப் போட்டு மூடினேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் வாத்து மாதிரிதான் நடந்தேன். கோயிலை எத்தனை சுற்றுச் சுற்றினாய் என்று அப்பா கேட்டார். நிறைய என்றேன். என் பக்தியைக் கண்டு அவருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

புதன்கிழமை வந்தது. வேனில் பெண்ணின் அப்பா, அம்மா, பெரியப்பா. இந்தப் பெரியப்பா குறை கண்டுபிடிப்பதற்கென்றே கூட்டி வரப்பட்டவர். கூரை ஓடுகளை எண்ணினார், கிணற்றை எட்டிப் பார்த்தார், அம்மாவிடம் மிக்ஸி என்ன கம்பெனி என்று கேட்டார். நான் வேட்டி சட்டையில், தலையை வகிடெடுத்து வாரி, கண்ணாடி இல்லாமல், வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு நின்றேன். பெண்ணின் அப்பா என்னை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். எனக்கு மூச்சு வந்தது. அடுப்படியில் அம்மா வடை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா விருந்தாளிகளுக்குக் கொல்லையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். வைக்கோல் போர் பக்கம் எங்கள் ஆடு எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. படுதாவுக்குள் தலையை விட்டு, பல்சக்கரத்தில் சிக்கியிருந்த உளுத்தஞ்செடியைக் கடித்து ஒரு இழு இழுத்தது. படுதா சரிந்தது. சைக்கிளும் சரிந்து எல்லோர் முன்னாலும் விழுந்தது.

பெண்ணின் அப்பா மெதுவாகப் போய் ஆட்டை விலக்கினார். கேரியர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பல்சக்கரத்தில் மிச்சமிருந்த ஒரு காயைப் பறித்து, உரித்து, உளுந்தை வாயில் போட்டு மென்றார். திரும்பி வந்து என் எதிரில் நின்றார்.

"கண்ணு தேவலையா தம்பி?"

அப்பா குறுக்கே வந்தார். "அவனுக்குக் கண்ணுல ஒன்னுமில்லீங்களே" என்றார் அவசரமாக. பெரியப்பா உஷாராகிவிட்டார். கண்ணில் என்ன, மாலைக்கண்ணா, முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்டார். இது எத்தனை தெரிகிறது பார் என்று என் முகத்துக்கு முன் விரலை ஆட்டிக்காட்டினார். நான் சத்தியப்படி வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

அப்புறம் பெண்ணின் அப்பாவே நடந்தது எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். உளுத்தஞ்செடி, கண் வலி, ராகுல், கல், கருவாட்டுக் குழம்பு எதையும் விடவில்லை. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூட்டை தூக்கிக் கட்டிய அந்தத் தோள் அப்படித் தொங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். வீடு பார்க்கும் முன்பே பொய்ப் பெயரில் ஊருக்குள் வந்து போகிற பையனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது, கிளம்பலாம் என்றார். அடுப்படியில் எண்ணெய்ச் சத்தம் நின்றுவிட்டது. அந்த வடையையும் நாங்களேதான் சாப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பெண்ணின் அப்பா நகரவில்லை. என் அப்பாவிடம், கை கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டார்.

அப்பாவுக்குக் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"ஒங்க பையன் எங்க வூட்டுல ஏற்கெனவே கை நனைச்சுட்டாருங்க. மூணு தரம் சோறு வாங்கி நனைச்சாரு. நாங்க நனைக்காம போனா நல்லாருக்காது. எலய போடச் சொல்லுங்க."

பெரியப்பா ஏதோ சொல்ல வந்தார். வடை வாசனை வந்தது. அவரும் துண்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அப்பா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். இத்தனை வருஷம் படித்த படிப்பில் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறாய், அதுவும் சைக்கிள் மிதித்ததுதான் என்றார். மறுநாள் ஜெயங்கொண்டத்துக்குப் போய் ஒரு இரும்புக் கேரியர் வாங்கி வந்து, என் சைக்கிளில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டார். அது இன்னும் இருக்கிறது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மெட்ராஸ் கண் கதையைப் பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் பெரியப்பாதான் சொன்னார், தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். மொய் எழுத வந்தவர்கள் மேடையில் ஏறி என் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்து இளவரசியிடம் கேட்டேன். ஹெல்மெட், கண்ணாடி, கழுத்துத் துணி என்று அவ்வளவு மூடியிருந்தேனே, உனக்குக்கூடவா அடையாளம் தெரியவில்லை என்றேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"பையக் கழட்டிட்டுத் திரும்பி நின்னீங்களே. முதுகுல இவ்ளோ பெருசா பேரு போட்டிருந்துச்சு."

அந்தப் பனியனில் என் பெயர் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஆங்கில எழுத்தில் அறிவழகன் என்று முதுகில் எழுதிக்கொண்டுதான் அவ்வளவு நேரமும் ராகுலாக இருந்திருக்கிறேன். அப்படியானால் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா எங்கப்பா எறக்கி விட்டிருப்பாரு. உளுந்த யாரு ஒடைக்கிறது?" சிவப்பு மையில் ஒரு சுழி சுழித்தாள். "பேரப் படிச்சதுக்கு அப்புறந்தான் இன்னும் ரெண்டு கல்லு சேத்துப் போட்டேன்."

இப்போது ஒவ்வொரு பங்குனியிலும் மாமனாரிடமிருந்து போன் வருகிறது. நலம் விசாரிப்பார், மழை மேகத்தைப் பற்றிச் சொல்வார், பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாப்ள, மினி பஸ்ஸு ரெண்டு நாளா வரலீங்க" என்பார். இப்போது டிராக்டர் கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறது, மினி பஸ்ஸும் புதுசாக விட்டிருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து சைக்கிளைத் துடைப்பேன். அம்மா அந்த மெத்தைச் சட்டையை இப்போது வாசல் கொடியிலேயே காயப்போடுகிறார், அதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே. அப்பா கேரியர் கம்பியை இறுக்கிவிடுவார். இளவரசி முதுகுப் பையைக் கொண்டுவந்து கொடுப்பாள். வாங்கும்போதே கை கீழே இறங்கும். உள்ளே என்ன என்று நான் கேட்பதில்லை.

"போயிட்டு வாங்க, ராகுல்" என்பாள்.